ஓடிப்போக ஓர் இடம்

1

2022 அக்டோபரில் ஓர் இரவு. முன்னறை விளக்குகளை அணைத்துவிட்டு, சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய கைவிளக்கை மட்டும் எரியவிட்டுத் தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். வலது கையில் முக்கால் முழ நீளத்தில் ஓர் இடுக்கி. இடது கையில் தபால் அட்டை அளவுக்கு வெட்டிய பிளாஸ்டிக் தகடு. எதிரே ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் பதின்மூன்று வருடங்களாக நான் வளர்க்கும் பெண் டரான்டுலா. தொட்டிக்குள்ளேயே ஓரமாக, காற்றோட்டத் துளைகள் போட்ட ஒரு சின்ன டப்பா. அதற்குள் கூரியரில் வந்து பத்து நாளான ஆண்.

சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி, "என்னங்க, முகூர்த்தம் எத்தனை மணிக்கு?" என்றாள். சிரித்தேன். ஆனால் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஆண் என்னுடையதல்ல. வேறு மாநிலத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருடையது. சிலந்தி வளர்ப்பவர்களிடையே ஒரு பழக்கம் உண்டு. ஆண் வைத்திருப்பவர் பெண் வைத்திருப்பவருக்குக் கடனாக அனுப்புவார். குஞ்சுகள் பொரித்தால் ஆளுக்குப் பாதி. ஆண் திரும்பி வராமல் போகலாம் என்பது இரண்டு தரப்புக்கும் தெரியும், அதைப் பேசி வைத்துக்கொண்டுதான் அனுப்புவார்கள். இந்த மனிதர் பாதிக் குஞ்சுகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஈரத் துடைதாளில் பொதிந்து அனுப்பிய டப்பாவோடு ஒரு துண்டுக் காகிதம் வைத்திருந்தார். முடிந்தால் உயிரோடு திருப்பி அனுப்பு, முடியாமல் போனால் நடந்ததை நடந்தபடி எழுது. அவ்வளவுதான்.

நடந்ததை நடந்தபடி எழுதுவதற்குப் பத்து வருடத்துக்கு முன்னால் எனக்குத் தைரியம் இருந்திருக்காது. ஒரு சிலந்தி விஷயத்திலும், ஒரு மனுஷி விஷயத்திலும்.

2

டெக்சஸுக்கு நான் வந்தது 2004இல். கிராமச் சாலை ஒன்றில் ஒரு கோடை மாலையில், உள்ளங்கை அகலத்தில் பழுப்பு நிறச் சிலந்தி ஒன்று நிதானமாகச் சாலையைக் கடந்துகொண்டிருந்தது. வண்டி ஓட்டிய நண்பர் நிறுத்தி, அது கடந்து முடிக்கும்வரை காத்திருந்தார். "பெண் தேடிப் போகிறான்" என்றார். வளையிலேயே ஏழெட்டு வருடம் ஒளிந்து வாழ்ந்த ஆண், பருவம் வந்ததும் ஒருநாள் வளையை விட்டு வெளியேறுவான். பிறகு அதற்குத் திரும்பவே மாட்டான். நடப்பான், பெண்ணின் வளையைத் தேடுவான், சில மாதங்களில் இறந்துபோவான். பெண் தன் வளையிலேயே இருபது வருடத்துக்கு மேலும் வாழ்வாள். அந்தக் கணக்கு என்னை என்னவோ செய்தது. அப்படித்தான் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

ஆண் கடைசியாக ஒருமுறை தோலுரித்து வரும்போது உருவமே மாறியிருக்கும். கால்கள் நீண்டு, உடல் மெலிந்து, முகத்துக்கு முன்னே இருக்கும் இரண்டு குட்டி உணர்கால்களின் நுனி குத்துச்சண்டைக் கையுறை போல உருண்டிருக்கும். பல இனங்களில் முதல் ஜோடிக் கால்களின் உட்புறம் சிறிய கொக்கி முளைத்திருக்கும். அதன்பிறகு அவன் ஒரு வலை பின்னி, அதில் விந்துத் துளியை விட்டு, உணர்கால் நுனிகளில் அதை உறிஞ்சி ஏற்றிக்கொள்வான். இனி அவன் பயணத்துக்குத் தயார்.

பெண்ணின் வளைவாசலில் படிந்திருக்கும் பட்டு நூலைத் தொட்டதுமே அவனுக்கு விஷயம் தெரிந்துவிடும். உடம்பு அதிரும். உணர்கால்களால் தரையில் கொட்டுவான். தூரத்தில் யாரோ விரலால் மேஜையைத் தட்டுவது போல இருக்கும், அமைதியான அறையில் நம் காதுக்கே கேட்கும். விருப்பமிருந்தால் அவளும் பதிலுக்குத் தட்டுவாள். நெருங்கியதும் அவள் முன்னுடலை உயர்த்தி நச்சுப்பற்களை விரிப்பாள். அந்தப் பற்களைத் தன் கொக்கிகளால் தாங்கிப் பிடித்து, அவளை மேலே தள்ளி, அடிவயிற்றின் மடிப்புக்குள் உணர்கால் நுனியைச் செலுத்துவான். இதெல்லாம் ஒரு சில நிமிடங்கள். பிறகு அவன் பிடியை விட வேண்டும். விட்டதும் ஓட வேண்டும்.

அந்த ஓட்டத்தைத்தான் நான் முதல் முறை கணக்கில் எடுக்கவில்லை.

3

2012இல் நடந்தது அது. என்னிடம் இருந்தது சிலி நாட்டு ரோஜா நிறச் சிலந்தி. ஆண் ஒன்றை விலைக்கு வாங்கினேன். படிக்க வேண்டியதையெல்லாம் படித்திருந்தேன். பெண் தோலுரித்துச் சில வாரங்கள் ஆகியிருக்க வேண்டும். தோலுரிக்கும்போது விந்தைச் சேமித்து வைக்கும் பையின் உள்தோலும் கழன்றுவிடும் என்பதால், சீக்கிரமே தோலுரிக்கப்போகும் பெண்ணோடு சேர்த்தால் எல்லாம் வீண். உரித்த உடனேயும் கூடாது, உடல் இறுகியிருக்காது. அவள் வயிறு நிறையத் தின்றிருக்க வேண்டும். அவன் விந்து வலை பின்னி முடித்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். இரண்டு வாரம் அவளுக்குச் சுவர்க்கோழியும் கரப்பானும் கேட்கக் கேட்கக் கொடுத்தேன்.

பிறகு இரண்டு காரியம் செய்தேன். அவன் ஏறி வெளியே வந்துவிடுவானோ என்று தொட்டியின் மூடியை மூடினேன். சரியாகப் பார்க்க முடியவில்லையே என்று, உள்ளே இருந்த மரப்பட்டையையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் எடுத்துவிட்டேன். மேடை சுத்தமாக இருந்தது. கேமராவும் தயாராக இருந்தது.

எல்லாம் அழகாக நடந்தது. கொட்டினான், அவள் பதில் சொன்னாள், சேர்ந்தார்கள். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் பிடியை விட்டான். பின்னால் எட்டு அங்குலத்தில் கண்ணாடி. அதில் மோதித் திரும்பினான். இடதுபக்கம் கண்ணாடி. வழுக்கிய கால்களோடு மூலையில் ஒடுங்கியபோது அவள் வந்துவிட்டாள். மூடியைத் திறந்து இடுக்கியை நான் உள்ளே விடுவதற்குள் முடிந்துபோயிற்று.

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. நான்தான் ஆரம்பித்தேன். "இயற்கைதானே. காட்டுலயும் இப்படித்தான் நடக்கும்."

மனைவி தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "காட்டுல கண்ணாடி எங்க இருக்கு?" என்றாள்.

4

அந்தக் கேள்வியோடு பல வருடம் இருந்திருக்கிறேன். அது சிலந்தி வளர்ப்பவன் ஒருவனின் கவலை மட்டுமல்ல என்பது படிக்கப் படிக்கத் தெரிந்தது.

கும்பிடுபூச்சியை எடுத்துக்கொள்வோம். கலவியின்போதே ஆணின் தலையைத் தின்னும் பெண் என்று உலகம் முழுக்க அதற்குப் பெயர். அந்தப் பெயரைப் பரப்பியதில் பிரான்ஸின் ழான் ஆன்ரி ஃபாப்ருக்குப் பெரிய பங்குண்டு. 1879 முதல் 1907 வரை பத்துத் தொகுதிகளாக வந்த பூச்சி நினைவுக் குறிப்புகளின் ஆசிரியர். பூச்சிகளை அவரளவுக்குப் பொறுமையாகப் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் அவர் கும்பிடுபூச்சிகளைப் பார்த்தது கம்பிவலைக் கூண்டுகளுக்குள். பின்னால் வந்த ஆய்வாளர்கள் பெண்களுக்கு வயிறு நிறையக் கொடுத்து, மனிதர்கள் விலகி நின்று, கேமராவை மட்டும் ஓடவிட்டபோது ஆண்கள் நீண்ட நேரம் ஆடி, சேர்ந்து, உயிரோடு போனதைப் பார்த்தார்கள். காட்டிலும் தின்னுதல் நடக்கத்தான் செய்கிறது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் பெயர் வாங்கிய அளவுக்கு இல்லை. கறுப்பு விதவை என்று அழைக்கப்படும் அமெரிக்கச் சிலந்தியின் கதையும் ஏறக்குறைய இதுதான். அந்தப் பெயருக்குக் காரணமான காட்சிகளில் பெரும்பகுதி, ஆண் தப்பிக்க வழியில்லாத குடுவைகளுக்குள் காணப்பட்டவை.

ஆக, பெண்ணின் குணம் என்று நாம் எழுதி வைத்ததில் ஒரு பங்கு பெட்டியின் குணம். பெட்டியைச் செய்தவன் நான். உள்ளே நடப்பதற்கு இயற்கை என்று பெயர் வைத்தவனும் நான். இப்படிச் செய்தால் எனக்குப் பெரிய வசதி இருக்கிறது. பெட்டி கண்ணில் படாமல் போகும், பெட்டியோடு சேர்ந்து நானும்.

'எப்படியும் சாகப்போகிறவன்தானே' என்பது அடுத்த சமாதானம். வளர்ப்பவர்களிடையே அடிக்கடி கேட்கிற வாக்கியம். உண்மைதான், அவனுக்கு மிச்சம் சில மாதங்கள். ஆனால் இந்த வாதத்தை எங்கே நிறுத்துவது? எண்பத்தைந்து வயது ஆச்சியைப் பற்றி யாரும் இப்படிச் சொல்ல மாட்டோம். மிச்சம் கொஞ்சம்தான் என்பதால் அது மலிவாகிவிடும் என்றால், உலகத்தில் விலையுள்ள ஆயுள் என்று எதுவும் இருக்காது.

சிலந்திக்கு வலி உண்டா, அதை ஓர் உயிராக மதிக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. பீட்டர் சிங்கர் 1975இல் எழுதிய 'விலங்கு விடுதலை' நூலில், கோடு எங்கே போடுவது என்ற இடத்தில், இறாலுக்கும் சிப்பிக்கும் நடுவில் எங்கேயோ போடலாம் என்கிறார். அந்தக் கணக்கில் சிலந்தி இறால் இருக்கும் பக்கம்தான் வரும். பிரிட்டன் 2022இல் கொண்டுவந்த விலங்குணர்வுச் சட்டம், முதுகெலும்பு இல்லாதவற்றில் நண்டு, இறால் வகைகளையும் கணவாய், ஆக்டோபஸ் வகைகளையும் சேர்த்துக்கொண்டது. சிலந்தியைச் சேர்க்கவில்லை. சட்டம் கோடு போட்டே ஆக வேண்டும். எனக்கு அந்த அவசரம் இல்லை. மூலையில் ஒடுங்கிய ஒன்று கால்களைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டதைப் பார்த்தேன். அதற்கு மேல் அங்கே என்ன இருந்தது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் மூடியைத் திறந்து வைப்பேன் என்பது சரியாகப் படவில்லை. மூடியைத் திறந்து வைக்க எனக்கு ஒரு செலவும் இல்லை.

அப்படியானால் சேர்க்காமலே விட்டுவிடலாமே என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் பக்கத்து உதாரணமே இருக்கிறது. ஆந்திராவின் கூட்டி ரயில் நிலையத்து மரக்கட்டைகளுக்கிடையே பிடிபட்ட ஒரு நீலச் சிலந்தியை 1899இல் போக்காக் என்ற ஆங்கில விலங்கியலாளர் பதிவு செய்தார். பிறகு நூறு வருடம் அது விஞ்ஞானிகள் கண்ணில் படவில்லை. 2001இல் நந்தியால் பக்கத்துக் காட்டில் மறுபடி கண்டுபிடித்தார்கள். கொஞ்ச காலத்திலேயே அது மேல்நாட்டுச் சந்தைக்கு வந்துவிட்டது. காடு சிறியது, சிலந்தி அழிவின் விளிம்பில். 2019இல்தான் அந்தப் பேரினம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறியது. வீட்டில் பிறந்த குஞ்சு கிடைக்குமானால் காட்டில் பிடிக்கும் ஆசை குறையும் என்பது வளர்ப்பவர்களின் வாதம். அதில் உண்மை உண்டு. ஆசையைத் தூண்டியதும் இதே வளர்ப்பவர்கள்தான் என்பதும் உண்மை. நான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். ஆனால் சேர்ப்பது என்று முடிவெடுத்துவிட்டால் அதற்குப் பிறகு ஒரு கடமை வருகிறது. என் கவனம் அதில்தான். அந்தக் கடமையை நான் கற்றுக்கொண்டிருக்க வேண்டிய இடம் சிலந்தித் தொட்டி அல்ல.

5

2008இல் சித்தி ஊரிலிருந்து போன் செய்தார். "ஏய்யா, மினசோட்டாவுல ஒரு பையன். நீ பக்கத்துலதானே இருக்க. ஒரு எட்டு பாத்துட்டுச் சொல்லேன்."

ஆயிரம் மைலுக்கு மேல். இருந்தாலும் அமெரிக்கா என்றால் ஊரில் எல்லாம் பக்கம்தான். போனேன். பையனோடு இரண்டு நாள் இருந்தேன். குடி இல்லை, சிகரெட் இல்லை. வேலை நல்ல வேலை. வீடு சுத்தமாக இருந்தது. எனக்குக் காபி போட்டுக் கொடுத்தான். நண்பர்களிடம் விசாரித்தேன், எல்லோரும் நல்லபடியாகச் சொன்னார்கள். சித்தியிடம் "தங்கமான பையன், தாராளமாப் பண்ணலாம்" என்றேன். சித்தி, "நீ சொன்னாச் சரிதான்யா" என்றார். அந்த வாக்கியத்தில்தான் கல்யாணம் முடிவானது.

2012இல் சிலந்திக்கு டிக் அடித்தது போல அப்போதும் ஒரு பட்டியல் என் மனதில் இருந்தது. ஒன்றுகூடப் பொய்யில்லை. அவன் கெட்டவன் என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன்.

என் தங்கை வந்தது சார்ந்திருப்போர் விசாவில். ஊரில் நான்கு வருடம் கல்லூரியில் பாடம் எடுத்தவள். அந்த விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. 2015இல்தான், அதிலும் கணவரின் கிரீன் கார்டு வேலை ஒரு கட்டம் தாண்டியிருந்தால் மட்டும், அனுமதி கேட்கலாம் என்று விதி மாறியது. வேலை அனுமதி இல்லாததால் சமூகப் பாதுகாப்பு எண் இல்லை. எண் இல்லாததால் தன் பெயரில் கணக்கு, கடன் அட்டை எல்லாமே சிக்கல். கணவன் இருக்கும்வரைதான் விசா. வண்டி ஓட்டத் தெரியாது. டிசம்பரில் வாசலில் முழங்கால் உயரப் பனி. பாஸ்போர்ட் பத்திரமாக இருக்கட்டும் என்று அவன் வாங்கி அலுவலகப் பெட்டியில் வைத்திருந்தான். அதையும் கெட்ட எண்ணத்தில் செய்தான் என்று சொல்ல முடியாது, ஆரம்பத்தில்.

நான்காவது மாதம் எனக்குப் போன் செய்தாள். குரல் சன்னமாக இருந்தது. "அண்ணே, இவங்க பேச்சு சரியில்லண்ணே. ரெண்டு நாளா சாப்பிடலன்னா ஏன்னு கேக்குறதுகூட இல்ல. கோவம் வந்தா கதவப் பூட்டிட்டுப் போயிடறாங்க. நான் கொஞ்ச நாள் உங்க வீட்டுக்கு வரட்டுமா?"

நான் சொன்ன பதில் எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "புதுசுல அப்படித்தாம்மா இருக்கும். கொஞ்சம் அனுசரிச்சுப் போ. நான் வேணா அவர்கிட்ட பேசுறேன்."

பேசினேன். அவன் மரியாதையாகப் பேசினான். நான் பேசியது அவளுக்கு இன்னும் கெடுதலாக முடிந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதற்கப்புறம் அவள் எனக்குப் போன் செய்யவில்லை. செய்யாததை நான் நிம்மதி என்று எடுத்துக்கொண்டேன். 2010இல், அடுத்த வீட்டில் இருந்த ஒரு மெக்சிகோக்காரப் பெண்மணி விமான நிலையம்வரை கூட்டிக்கொண்டு போய் விட, அவள் தனியாக ஊர் போய்ச் சேர்ந்தாள். எனக்குத் தகவல் வந்தது நான்காம் நாள், சித்தி மூலமாக. பையனைத் தேர்ந்தெடுத்த நான் அந்தப் பயணத்தில் எங்கேயும் இல்லை.

இந்த இடத்தில் யாராவது கோபப்படலாம். ஒரு பெண்ணின் துயரத்தைச் சிலந்தியோடு ஒப்பிடுவதா என்று. நான் அவளைச் சிலந்தியோடு ஒப்பிடவில்லை. இரண்டு இடத்திலும் நடுவில் இருந்தவன் ஒரே ஆள், அவனைத்தான் ஒப்பிடுகிறேன். அதோடு, இங்கே ஆண் பெண் கணக்கும் பொருந்தாது. சிலந்தியில் ஆண்தான் அவள் வீட்டுக்குக் கொண்டுபோகப்படுகிறான். ஊரில் பெண் அவன் வீட்டுக்குக் கொண்டுபோகப்படுகிறாள். யார் வலியவர் என்பதைவிட, யாருடைய இடம் அது, யாருக்கு அங்கே வாசல் தெரியாது என்பதுதான் கேள்வி. விருந்தாளியாக இன்னொருவர் இடத்துக்குள் விடப்படுகிறவரின் பக்கம் நின்று பார்த்திருக்க வேண்டிய கடமை, விட்டவனுக்கு உண்டு. நான் பையனைப் பார்த்தேன். வீட்டைப் பார்த்தேன். அந்த வீட்டிலிருந்து அவள் வெளியே வர வேண்டியிருந்தால் எப்படி வருவாள் என்று பார்க்கவில்லை. அப்படி ஒரு கேள்வி இருப்பதாகவே தோன்றவில்லை. கல்யாணப் பேச்சில் அதைக் கேட்பதே அபசகுனம் அல்லவா.

6

வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவர் வீட்டில் எப்படி ஒன்றுவார் என்று பெரியவர்கள் கேட்பார்கள். போக வழி இருந்தால் சின்னச் சண்டைக்கே போய்விடுவார்கள், வழியை அடைத்தால்தான் உறவு இறுகும் என்பது அதன் உள்ளர்த்தம். நானும் வெகுகாலம் இதை ஞானம் என்று நம்பியவன்தான்.

2012க்குப் பிறகு நான்கு முறை சிலந்திகளைச் சேர்த்திருக்கிறேன். நான்கு என்பது ஆய்வுக்குப் போதாது. ஆனால் கண்ணால் பார்த்ததைச் சொல்லலாம். பெரிய தொட்டி, திறந்த மூடி, பின்னால் சாய்த்து வைத்த மரப்பட்டை, ஏறிப்போக ஓர் ஓரம். இத்தனையும் இருக்கும்போது ஆண் அவசரப்படுவதில்லை. கொட்டுவான், நிற்பான், இரண்டடி பின்னால் போவான், மறுபடி வருவான். அரைமணி நேரம்கூட இப்படிப் போகும். பின்னால் இடம் இருப்பதால் முன்னால் வர முடிகிறது என்று எனக்குப் பட்டது.

சில வருடம் கழித்து ஊருக்குப் போனபோது தங்கையிடம் முதல் முறையாக நேராகப் பேசினேன். கோயம்புத்தூரில் மறுபடி கல்லூரியில் சேர்ந்திருந்தாள். "நான் அன்னைக்கு உன்ன வரச் சொல்லியிருக்கணும்" என்றேன். மன்னிப்புக் கேட்கும் வார்த்தை அதற்கு மேல் வரவில்லை.

அவள் கொஞ்ச நேரம் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தாள். "வான்னு சொல்லியிருந்தா நான் வந்திருப்பேனோ என்னவோண்ணே. வேணும்னா வரலாம்னு ஒரு இடம் இருந்திருந்தா, இன்னும் ஒரு வருஷம்கூட அங்கயே இருந்து பாத்திருப்பேன். இல்லன்னு தெரிஞ்ச அன்னைக்குத்தான் பயம் வந்துச்சு. பயம் வந்தப்புறம் அவரு என்ன செஞ்சாலும் பயமாத்தான் இருந்துச்சு."

அனுசரித்துப் போ என்று சொல்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். அனுசரிப்பதற்கும் ஒரு தெம்பு வேண்டும். அந்தத் தெம்பை நான் அவளிடமிருந்து எடுத்துவிட்டுத்தான் அனுசரிக்கச் சொன்னேன்.

7

வழியைத் திறந்து வைத்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. பக்கத்தில் இருக்கவும் வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது.

பெண் முன்னுடலை உயர்த்திப் பற்களை விரிக்கும் அந்தக் கணம் இருக்கிறதே, தாக்கப்போகும்போதும் அவள் இதைத்தான் செய்வாள், சம்மதிக்கும்போதும் இதைத்தான் செய்வாள். புதிதாகச் சேர்ப்பவன் பதறிப்போய்த் தகட்டைக் குறுக்கே விட்டுவிடுவான். எல்லாம் கலைந்துபோகும். மிரண்ட பெண் பிறகு நிஜமாகவே தாக்குவாள். பழகியவன் என்ற மிதப்பில் இருப்பவன் தாமதிப்பான், ஆண் போய்விடுவான். இதற்கு விதி என்று எழுதித்தர முடியாது. அவள் முதல் அடி எப்படி எடுத்து வைத்தாள், மெல்ல வந்தாளா பாய்ந்தாளா, அவன் கொட்டியதற்குப் பதில் வந்ததா, கடைசியாக எப்போது தின்றாள். இதையெல்லாம் முன்பே பார்த்து வைத்திருப்பவனுக்குத்தான் அந்த நொடியில் கை சரியாக நகரும். அதனால்தான் ஆணைச் சின்ன டப்பாவில் வைத்து, அவள் தொட்டிக்குள்ளேயே பல நாள் விட்டுவைப்பது. அவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளட்டும் என்பார்கள். எனக்கென்னவோ, அந்த நாட்களில் அதிகம் அறிந்துகொள்வது வெளியே உட்கார்ந்திருப்பவன்தான் என்று தோன்றுகிறது.

"அது அவங்க குடும்ப விஷயம்" என்று நான் 2009இல் விலகிக்கொண்டதற்கும், பதறித் தகட்டை விடுவதற்கும் அடியில் இருப்பது ஒன்றேதான். முன்பே கவனித்திருக்கவில்லை. நான்கு மாதத்தில் நான் அவளுக்கு எத்தனை முறை போன் செய்திருந்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். இரண்டு முறை. இரண்டும் பண்டிகை வாழ்த்து. அவள் குரல் சாதாரணமாக எப்படி இருக்கும் என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பிறகு அது சன்னமானது எப்படிப் புரியும்?

8

அந்த அக்டோபர் இரவுக்கு வருகிறேன்.

மூடியைக் கழற்றி வைத்திருந்தேன். தொட்டியின் ஒரு மூலையிலிருந்து விளிம்புவரை மரப்பட்டை ஒன்றைப் பாலம் போலச் சாய்த்திருந்தேன். விளிம்புக்கு வெளியே, விரித்த துண்டின் மேல் அவனுடைய டப்பா, வாய் திறந்தபடி. பெண் தோலுரித்து இரண்டரை மாதம். பத்து நாளாகக் கேட்டதெல்லாம் தின்று, முந்தைய நாள் போட்ட கரப்பானைத் தொடவேயில்லை. அவளுக்குப் பசியில்லை என்று தெரிந்த பிறகுதான் நாள் குறித்தேன்.

அவனை விட்டேன். நூலைத் தொட்டதும் உடம்பு அதிர்ந்தது. கொட்டினான். வெகுநேரம் ஒன்றுமில்லை. மனைவி தரையில் வந்து உட்கார்ந்துகொண்டாள். பிறகு வளைக்குள்ளிருந்து மூன்று தட்டல். எழுந்து வந்தாள், மெல்ல. பற்கள் விரிந்தன. என் கையில் இடுக்கி ஓர் அங்குலம் நகர்ந்து நின்றது. அவன் கொக்கிகளைக் கொடுத்துத் தாங்கினான். மூன்று நிமிடம் இருக்கலாம். பிடியை விட்டான். அவள் ஒரு எட்டு எடுத்து வைத்தாள். தகட்டை நடுவில் இறக்கினேன், அவளைத் தொடாமல். அவன் திரும்பி, மரப்பட்டையில் ஏறி, விளிம்பைத் தாண்டி, துண்டில் இறங்கி, சற்று நின்றான். பிறகு தானாகவே டப்பாவுக்குள் போனான்.

"வழி தெரியுது பாருங்க அவனுக்கு" என்றாள் மனைவி.

முட்டைப்பைக்காக மாதக்கணக்கில் காத்திருந்தோம். வரவில்லை. அடுத்த கோடையில் ஒருநாள் அவள் வளைவாசலை நூலால் அடைத்துக்கொண்டாள். பத்து நாள் கழித்துத் திறந்தபோது பளபளவென்று புதுத் தோலோடு இருந்தாள். பழைய தோலோடு அவன் கொடுத்ததும் போயிற்று. பாதிக்குப் பாதி பிரித்துக்கொள்ள ஒரு குஞ்சும் இல்லை.

அவனைத் திருப்பி அனுப்பியிருந்தேன். அவன் அதன்பிறகு ஐந்து மாதம் இருந்தான். தபால்காரர் எழுதியிருந்தார். கடைசி வாரங்களில் கால்கள் தள்ளாடின, தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கத்திலேயே படுத்திருந்தான், ஒருநாள் காலையில் அசையவில்லை. அவ்வளவுதான் கடிதம். நான் பதிலுக்கு அந்த இரவில் நடந்ததை நடந்தபடி எழுதினேன், தகட்டை எப்போது இறக்கினேன் என்பது உட்பட. கூடவே 2012இல் நடந்ததையும் எழுதினேன். அவர் கேட்கவில்லை, ஆனால் எழுத வேண்டும் போலிருந்தது.

போன மாதம் சித்தப்பா ஒருவர் போன் செய்தார். அவர் பேத்திக்குக் கனடாவில் ஒரு வரன். "நீ ஒரு வார்த்தை விசாரிச்சுச் சொல்லுப்பா." விசாரிக்கிறேன் என்றேன். பிறகு கேட்டேன்: "சித்தப்பா, பாப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா? அவ பேர்ல கையில கொஞ்சம் பணம் போட்டு வைக்க முடியுமா? பாஸ்போர்ட்ட யாருகிட்டயும் கொடுக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்புங்க. எங்க வீட்டு நம்பர நான் அவகிட்டயே நேரா தர்றேன். எந்நேரம்னாலும் வரலாம்னு சொல்றேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நல்ல காரியம் பேசும்போது என்னப்பா இது" என்றார்.

நல்ல காரியம் பேசும்போதுதான் சித்தப்பா பேச முடியும் என்றேன்.